கடலுக்கு யார் தேய்மானம் போட்டது?

போன வெள்ளிக்கிழமை காலை முஹரக் மீன் சந்தையில் நெத்திலி வாங்க நின்றுகொண்டிருந்தேன். பஹ்ரைனில் குடும்பத்தோடு இருக்கிற தமிழர்களுக்கு வெள்ளிக்கிழமை என்றால் மீன் சந்தை, அப்புறம் இட்லி மாவு, அப்புறம் ஊருக்கு ஃபோன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"சாரே, நீங்க திருவனந்தபுரத்துல பேங்க்ல இருந்த சார்தானே?"

திரும்பிப் பார்த்தால் இருபத்தேழு, இருபத்தெட்டு வயசுப் பையன். படகில் வேலை பார்க்கிறவன் என்று கையைப் பார்த்தாலே தெரிந்தது. முகம் பிடிபடவில்லை.

"அப்பாகூட வருவேன் சார். நீங்க கால்குலேட்டரை எங்கிட்ட விளையாடக் குடுப்பீங்க."

ஞாபகம் வந்துவிட்டது. விழிஞ்ஞத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமம். அவன் அப்பாவுக்குப் படகு, எஞ்சின், வலை எல்லாம் சேர்த்து 2010ல் மூன்று லட்சம் கடன் கொடுத்தது நான்தான். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், ஆனாலும் 'சாரே' என்றுதான் கூப்பிடுவார். நான் 'அண்ணே' என்பேன்.

"அப்பா எப்படிப்பா இருக்கார்?"

"இருக்காரு சார். கடலுக்குப் போறதில்ல."

"லோனை அப்பவே அடைச்சு முடிச்சாரே, நாணயமான மனுஷன்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

பையன் சிரித்தான். "பேங்க் லோன் முடிஞ்சுது சார். அத முடிக்கிறதுக்குத் தரகன்கிட்ட வாங்கினதுதான் முடியல. அதுக்குத்தான் நான் இங்க வந்தது."

கோபமாகச் சொல்லவில்லை, மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னான். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "உங்களுக்கு ரெக்கவரிக்கு ஷீல்டு குடுத்தாங்களே, அந்த வருஷமா?" என்று கேட்டாள். அந்த வருஷமேதான்.

ஒரு வாரமாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். என் கதை கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் ஒரு கடலின் வரலாறு. அந்த வரலாற்றை எழுதி வைத்திருந்தவர்கள் என் கிளைக்கு மிக அருகில் இருந்தார்கள், நான்தான் போய்ப் படிக்கவில்லை.

நான் கரூர்க்காரன். பி.காம். படித்துவிட்டு வங்கித் தேர்வு எழுதி உள்ளே வந்தவன். கடல் என்றால் எனக்கு டூர் போகிற இடம். 2009ல் திருவனந்தபுரத்துக்கு மாற்றல் வந்தபோது உள்ளூர் பக்கம் வாடகைக்கு வீடு பிடித்தேன். (உள்ளூர் என்பது அங்கே ஓர் இடத்தின் பெயர். மகாகவி உள்ளூர் பரமேஸ்வர ஐயரின் ஊர். வந்த புதிதில் ஆட்டோக்காரரிடம் "உள்ளூர்" என்றால் "எந்த உள்ளூர்?" என்று கேட்கவில்லையே என்று ஆச்சரியப்பட்டிருக்கிறேன்.)

அங்கிருந்து கொஞ்சம் தள்ளி, பிரசாந்த் நகரில், செங்கல் செங்கலாகத் தெரிகிற ஒரு வளாகம் இருக்கிறது. பூச்சு கிடையாது. சுவரில் ஜன்னலுக்குப் பதிலாகச் செங்கல்லிலேயே ஓட்டை விட்டுக் காற்று வரும்படி கட்டியிருப்பார்கள். நூலகம் ஒரு கோபுரம் மாதிரி உயர்ந்து நிற்கும். லாரி பேக்கர் கட்டியது. இங்கிலாந்தில் பிறந்து, இந்தியாவிலேயே தங்கி, நாலாஞ்சிறையில் வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்து, 2007ல் அங்கேயே காலமான கட்டடக் கலைஞர். 'குறைந்த செலவில் வீடு' என்று கேரளத்தில் யார் பேசினாலும் அவர் பெயரில்தான் தொடங்குவார்கள். அந்த வளாகம்தான் வளர்ச்சி ஆய்வு மையம். எல்லோரும் சி.டி.எஸ். என்பார்கள்.

அதை உருவாக்கியவர் கே. என். ராஜ். 1924ல் பிறந்தவர். நம்ம தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, லண்டனில் டாக்டர் பட்டம் வாங்கி, இருபத்தைந்து, இருபத்தாறு வயதிலேயே முதல் ஐந்தாண்டுத் திட்டத்தை எழுதிய குழுவில் இருந்தவர். டெல்லி பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவியை விட்டுவிட்டுத் திருவனந்தபுரம் வந்தார். அப்போது முதலமைச்சர் சி. அச்சுத மேனன். 1970க்கும் 1971க்கும் இடையில் மையம் உருப்பெற்றது. கிட்டத்தட்ட அதே நேரத்தில், 1971ல், சென்னையில் மால்கம் ஆதிசேஷையா எம்.ஐ.டி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கினார் என்பது நமக்கு நினைவிருக்கட்டும். ராஜ் 2010 பிப்ரவரியில் இறந்தபோது நான் அந்த ஊரில்தான் இருந்தேன். மலையாளப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. எனக்கு 'யாரோ பெரிய எகனாமிஸ்ட்' என்பதோடு சரி.

சி.டி.எஸ். உலகத்துக்குத் தெரிந்தது 1975ல். ஐக்கிய நாடுகள் சபைக்காகக் கேரளத்தின் வறுமை, வேலையின்மை பற்றி ஓர் ஆய்வு செய்து கொடுத்தார்கள். தலா வருமானம் குறைவாக இருக்கிற ஒரு மாநிலத்தில் குழந்தை இறப்பு குறைவு, எழுத்தறிவு அதிகம், ஆயுள் அதிகம், இது எப்படி என்று அந்த ஆய்வு கேட்டது. பின்னால் 'கேரள மாடல்' என்று உலகமெல்லாம் பேசியதற்கு விதை அதுதான். பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், ரேஷன் கடை, நிலச் சீர்திருத்தம் என்று காரணங்களை அடுக்கினார்கள்.

ஆனால் அதே மையத்தில் பிறகு பணியாற்றிய ஓர் ஆய்வாளர் இன்னொரு கேள்வி கேட்டார். அவர் பெயர் ஜான் குரியன். மாநிலத்தின் சராசரியைச் சொல்லிப் பெருமைப்படுகிறோமே, அந்தச் சராசரிக்குள் வராதவர்கள் யார்? கடற்கரையில் ஒரு கோடு மாதிரி நெருக்கியடித்து வாழ்கிற மீனவர்கள். 1970 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத்தில் குத்தகைக்காரனுக்கு நிலம் கிடைத்தது. கடலில் உழுகிறவனுக்கு என்ன கிடைத்தது? அவனுக்குக் குத்தகையும் இல்லை, பட்டாவும் இல்லை. படிப்பு, வீடு, சுகாதாரம் எதை எடுத்தாலும் மாநிலத்துச் சராசரிக்குக் கீழே. கேரள மாடலுக்கு வெளியே நிற்பவர்கள் என்று 1995ல் ஒரு கட்டுரையில் எழுதினார்.

குரியன் வெறும் புத்தகம் படித்து எழுதியவர் அல்ல. 1970களில் திருவனந்தபுரத்துக்கு வடக்கே மரியநாடு என்ற மீனவக் கிராமத்தில், மீனவர்களின் கூட்டுறவுச் சங்கத்தோடு வேலை செய்தவர். மரியநாடு கதையைக் கடைசியில் சொல்கிறேன், என் தப்பு அங்கேதான் தெரியும். அதற்கு முன்னால் 1953க்குப் போகவேண்டும்.

*

1952 அக்டோபரில் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. நார்வே ஒரு ஏழை நாட்டுக்குச் செய்த முதல் வளர்ச்சி உதவித் திட்டம் அது. இடம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில், கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரை. நோக்கம் நல்ல நோக்கம். மீனவன் வருமானம் கூடவேண்டும், நல்ல மீன் சந்தைக்கு வரவேண்டும், குடிநீர், மருத்துவமனை வேண்டும், வாழ்க்கைத் தரம் உயரவேண்டும்.

நார்வேக்காரர்கள் மீன்பிடியில் கில்லாடிகள். முதலில் உள்ளூர் வள்ளத்திலேயே எஞ்சின் மாட்டிப் பார்த்தார்கள். ஒத்துவரவில்லை. அலையை உடைத்துக்கொண்டு போய்விட்டு மணலில் ஏறி நிற்கிற வள்ளம் வேறு, எஞ்சினுக்கான படகு வேறு. சரி என்று புதுப் படகுகளை வடிவமைத்தார்கள். அவை நிற்க ஆழமான முகத்துவாரம் வேண்டும், அது நீண்டகரையில் இருந்தது. மானிய விலையில் படகு கொடுத்தார்கள்.

அப்போதுதான் இறால் வந்தது. அதுவரை இறாலைக் காயவைத்துப் பர்மாவுக்கு அனுப்புவார்கள், பெரிய காசு இல்லை. அமெரிக்காவும் ஜப்பானும் உறைய வைத்த இறாலை வாங்கத் தொடங்கியதும் கதை மாறியது. கடல் அடியைச் சுரண்டி இழுக்கிற ட்ராலர் வலையில் இறால் கொள்ளை கொள்ளையாய் வந்தது. உள்ளூர்ச் சந்தைக்கு நல்ல மீன் என்று தொடங்கிய திட்டம் ஏற்றுமதி இறாலில் போய் நின்றது. 1960களில் நீண்டகரை, சக்திகுளங்கரை பக்கம் விசைப்படகுகள் பெருகின. மீனவர் அல்லாத முதலீட்டாளர்களும் உள்ளே வந்தார்கள். காசு இருக்கிறவனுக்கு வங்கியும் கொடுக்கும், அரசும் மானியம் கொடுக்கும். (எங்கள் தொழிலில் இது பழைய விதி. குடை வைத்திருப்பவனுக்குத்தான் இன்னொரு குடை.)

நார்வேக்காரர்கள் 1972ல் கிளம்பினார்கள். ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தைப் பார்த்தால் திட்டம் அமோக வெற்றி. 1985ல் சி.டி.எஸ். வெளியிட்ட தன் ஆய்வறிக்கையில் குரியன் இதைத்தான் வேறு கோணத்தில் பார்த்தார். திட்டம் யாருக்காகத் தொடங்கியது, பலன் யாரிடம் போய்ச் சேர்ந்தது?

இப்போது எண்களைப் பாருங்கள். 1973ல் கேரளக் கடற்கரையில் பிடிபட்ட மீன் சுமார் 4.5 லட்சம் டன். 1980ல் சுமார் 2.8 லட்சம் டன். படகும் எஞ்சினும் முதலீடும் கூடிக்கொண்டே போன ஏழு வருடத்தில் மீன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது! மீன் வளம் இயற்கையாகவே ஏறி இறங்கும், எல்லாப் பழியையும் ட்ராலர் மேல் போடமுடியாது என்று விஞ்ஞானிகளுக்குள் வாதம் நடந்தது. நியாயமான வாதம்தான். ஆனால் கட்டுமரத்திலும் வள்ளத்திலும் போனவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதில் வாதமே இல்லை.

பொருளியலில் இதற்கு ஒரு பழைய விளக்கம் உண்டு. 1954ல் ஸ்காட் கார்டன் என்ற கனடாக்காரர் மீன்பிடியை வைத்தே எழுதினார். கடல் யாருக்கும் சொந்தமில்லை என்றால், லாபம் இருக்கிறவரை புதிதாக ஒருவன் படகு இறக்கிக்கொண்டே இருப்பான். கடைசியில் எல்லோருக்கும் லாபம் பூஜ்யமாகும்வரை நிற்காது. 1968ல் காரட் ஹார்டின் இதையே மேய்ச்சல் நிலத்தை வைத்துச் சொல்லிப் புகழ்பெற்றார். பொதுச் சொத்து என்றால் அழிவுதான், தனியாருக்குக் கொடு, இல்லாவிட்டால் அரசே எடுத்துக்கொள் என்பது அவர் முடிவு.

குரியன் இதைத் திருப்பிப் போட்டார். அந்தக் கடல் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்ததே இல்லை. ஒவ்வொரு கரைக்கும் வழக்கம் இருந்தது. யார் எந்த வலை போடலாம், எப்போது போடலாம், கரைமடி இழுக்க யார் முறை என்றெல்லாம் ஊர் முடிவு செய்யும். வட கேரளத்தில் 'கடக்கோடி' என்று கடல் வழக்குகளுக்கென்றே ஊர் நீதிமன்றம் இருந்தது. தவிர, கடலில் இறங்கவே சின்ன வயதிலிருந்து பழகிய திறமை வேண்டும், அதுவே ஒரு வேலி. மானியமும் கடனும் எஞ்சினும் சேர்ந்து அந்த வேலியைப் பிடுங்கின. ஆக, வேலி பிடுங்கிய இடத்தில்தான் ஹார்டின் சொன்னது நடந்தது. 2009ல் எலினார் ஆஸ்ட்ரோமுக்குப் பொருளியல் நோபல் கிடைத்தது கிட்டத்தட்ட இந்தக் கருத்துக்குத்தான். பொதுச் சொத்தை ஊர் மக்களே விதி போட்டுக் காப்பாற்ற முடியும் என்று உலகம் முழுக்க எடுத்துக்காட்டுகளோடு காட்டினார் அந்த அம்மா.

*

மீனவர்கள் சும்மா இருக்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் போராட்டம் வெடித்தது. தாமஸ் கொச்சேரி என்ற பாதிரியார் உண்ணாவிரதம் இருந்தார். கன்னியாஸ்திரிகள் சாலைக்கு வந்தார்கள். 1984ல் பெரிய போராட்டம். மழைக்காலத்தில் மீன் முட்டையிடும், அப்போது ட்ராலரை நிறுத்து என்பதுதான் முக்கியக் கோரிக்கை. 1980ல் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ஒரு குழுவுக்குப் பின் இன்னொரு குழு போட்டார்கள். கடைசியில் 1988ல் முதல் முறையாக மழைக்கால ட்ராலிங் தடை அமலானது. விசைப்படகு உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள், உச்ச நீதிமன்றம் வரை போய் 1994ல் மாநிலத்தின் நடவடிக்கை செல்லும் என்று தீர்ப்பானது. அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் ஜூன், ஜூலையில் மலையாளச் செய்தியில் 'ட்ராலிங் நிரோதனம்' என்று கேட்காமல் இருக்கமுடியாது. முதலில் 45 நாள் என்றிருந்தது, 2018லிருந்து 52 நாள்.

1989லும் 1990லும் கேரளத்தில் பிடிபட்ட மீன் 6 லட்சம் டன்னைத் தாண்டியது. தடையால்தான் என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. சாளை தானாகவே பெருகிய வருடங்கள் அவை. சிறு படகுகளும் எஞ்சினுக்கும் பெரிய வளைப்பு வலைக்கும் மாறிவிட்டிருந்தன. இங்கேதான் கதை இன்னும் சிக்கலாகிறது.

எஞ்சின். ட்ராலரோடு போட்டி போடவேண்டுமானால் வேகமாகப் போகவேண்டும், தூரமாகப் போகவேண்டும். 1980களில் சிறு படகுக்காரர்கள் யமஹா, சுசுகி அவுட்போர்டு எஞ்சின்களை மாட்டத் தொடங்கினார்கள். குமரி மாவட்டம் முட்டத்தில் பியர் கில்லே என்ற பெல்ஜியம்காரர் ப்ளைவுட் படகு கட்டும் பட்டறை நடத்தினார். பெரிய மரம் கிடைப்பது அரிதாகிவிட்ட காலத்தில் கட்டுமரத்துக்கு மாற்று வேண்டியிருந்தது. 1980ல் தொடங்கிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு (சிஃப்ஸ் என்பார்கள், தலைமையகம் திருவனந்தபுரம்) படகும் எஞ்சினும் பழுதுபார்க்கும் பட்டறையும் என்று உதவியது. உழைப்பு குறைந்தது, தூரம் கூடியது. அதோடு மண்ணெண்ணெய்ச் செலவும் வந்தது. முன்பு காற்றும் தோளும் ஓட்டிய படகு இப்போது தினமும் காசைக் குடித்தது. மீன் கிடைக்காத நாளிலும் குடித்தது.

அந்தப் படகுகளில் ஒன்றுக்குத்தான் நான் கடன் கொடுத்தேன்.

*

அந்தக் கடன் விண்ணப்பத்துக்கு நான் போட்ட திட்ட அறிக்கை இன்றும் நினைவிருக்கிறது. வருடத்துக்கு இத்தனை நாள் கடல், நாளுக்குச் சராசரி இத்தனை ரூபாய் மீன், எரிபொருள் போக, ஆட்களின் பங்கு போக, மீதி இவ்வளவு. ஐந்து வருடத் தவணை, மாதம் இவ்வளவு. எஞ்சினுக்கும் படகுக்கும் தேய்மானம் போட்டேன். பி.காம். படித்தவன் அல்லவா, தேய்மானம் விட்டுப்போகுமா?

இரண்டு தப்பு. ஒன்று, எஞ்சின் மூன்றாவது வருடமே படுத்துவிட்டது. உப்புத் தண்ணீரில் ஓடுகிற எஞ்சினுக்கு அலுவலக மேஜை மாதிரி தேய்மானம் போட்டிருந்தேன். இரண்டாவது தப்பு பெரியது. கணக்கில் இருந்த எல்லாச் சொத்துக்கும் தேய்மானம் இருந்தது, கடலுக்கு மட்டும் இல்லை. ஐந்து வருடமும் முதல் வருடத்து மீனே கிடைக்கும் என்று எழுதினேன். ஒரு கடையின் சரக்கை விற்று வந்த பணத்தையெல்லாம் லாபம் என்று எழுதினால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார். கடலுக்கு மட்டும் நாம் எல்லோரும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். பார்த்தா தாஸ்குப்தா 2021ல் பிரிட்டிஷ் அரசுக்குக் கொடுத்த பெரிய அறிக்கையும் இதைத்தான் சொல்கிறது. இயற்கையும் ஒரு மூலதனம், அதன் தேய்வைக் கழிக்காத கணக்கு பொய்க் கணக்கு.

நான் கடன் கொடுத்ததற்கு இரண்டு வருடம் கழித்து, 2012ல், கேரளத்தில் சாளை மீன் சுமார் 3.9 லட்சம் டன் கிடைத்தது. அது உச்சம். பிறகு விழுந்தது. 2021ல் கிடைத்தது 3,297 டன். நூறில் ஒரு பங்குகூட இல்லை! கடல் சூடாவது, எல் நினோ, குஞ்சு மீனை அள்ளுவது என்று காரணங்களை ஆராய்ச்சி நிலையங்கள் சொல்கின்றன. குஞ்சு பிடிக்கக்கூடாது என்று சாளைக்கு 10 சென்டிமீட்டர் என 2015ல் கேரளம் அளவு நிர்ணயித்தது. பிறகு சாளை ஓரளவு மீண்டு வந்தது. ஆனால் தவணை தேதி கடலைக் கேட்டு வருவதில்லை.

மழைக்கால மாதங்களில் எங்கள் பக்கத்துக் கடல் கொந்தளிக்கும். படகை இறக்கவே முடியாத நாட்கள் உண்டு. அந்த அண்ணன் மூன்று தவணை விட்டார். நான் ஜாமீன்தாரர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி முன்னால் வைத்து நோட்டீஸ் நீட்டினேன். சட்டப்படி எல்லாம் சரி. இரண்டு வாரத்தில் மொத்தமாகக் கட்டினார். எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவும் இல்லை. வாராக் கடன் பட்டியல் சுருங்கியது. ஷீல்டு வந்தது.

பணம் தரகனிடமிருந்து வந்திருக்கிறது. தரகன் வட்டியை மட்டும் கேட்கமாட்டான். மீன் கரைக்கு வந்ததும் ஏலம் விடுகிற உரிமை அவனுக்கு. விலை அவன் சொன்னது. கடன் தீரும்வரை வேறு யாருக்கும் விற்கமுடியாது. ஆக, அந்த அண்ணன் பிடித்த மீன் கடலில் இருக்கும்போதே விற்றுப்போனது.

இப்போது மரியநாடு. இந்த நோய்க்கு அங்கே 1970களிலேயே மருந்து கண்டுபிடித்திருந்தார்கள். மீனவர்கள் சேர்ந்து சங்கம் அமைத்தார்கள். கரையில் ஏலத்தைச் சங்கமே நடத்தும். அன்றைய விற்பனையிலிருந்து ஒரு பங்கு கடனுக்கு, ஒரு பங்கு சேமிப்புக்கு என்று பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுத்துவிடும். மீன் நிறைய வந்தால் நிறையப் பிடிப்பார்கள், வராவிட்டால் பிடிக்கமாட்டார்கள். தவணை கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும். நோட்டீஸ் வேண்டாம், ஜாமீன்தாரர் வேண்டாம், தரகனும் வேண்டாம். அந்த மாதிரி பல ஊர்களுக்குப் பரவி, அதிலிருந்துதான் சிஃப்ஸ் கூட்டமைப்பே வந்தது.

இதெல்லாம் அச்சில் இருந்தது. குரியனும் ரோல்ஃப் வில்மனும் 1982லேயே சிறு படகு, விசைப்படகு இரண்டின் வரவு செலவையும் உட்கார்ந்து கணக்கெடுத்து எழுதியிருந்தார்கள். என் வீட்டிலிருந்து அந்தச் செங்கல் நூலகத்துக்கு நடந்து போகிற தூரம். நான் ஒரே ஒரு முறை அந்த வளாகத்துக்குள் போனேன், வைப்புக் கணக்கு பிடிக்க. கட்டடத்தைப் பார்த்து "வெயில் காலத்தில் ஏசி வேண்டாம் போலிருக்கே" என்று சொல்லிவிட்டு வந்தேன். :-(

*

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. அதே நார்வே, கென்யாவில் துர்க்கானா ஏரிக்கரையில் ஆடு மாடு மேய்க்கிறவர்களை மீனவர்களாக்க உதவி செய்தது. 1980களின் தொடக்கத்தில் மீனை உறைய வைக்க ஒரு தொழிற்சாலை கட்டினார்கள். அந்தப் பாலைவனத்தில் மீனைக் குளிர வைக்க ஆன செலவு கட்டுபடியாகாமல் உடனேயே மூட வேண்டியதாயிற்று. ஏரியின் அந்த வளைகுடாவும் வற்றியது. விக்டோரியா ஏரியில் 1950களில் நைல் பெர்ச் என்ற பெரிய மீனை விட்டார்கள். 1980களில் அது பெருகி, கரையெல்லாம் தொழிற்சாலை வந்து, சதை ஐரோப்பாவுக்குப் போனது, தலையும் முள்ளும் உள்ளூர்க்காரர் சட்டிக்கு வந்தது. ஏரியின் சொந்தச் சிறு மீன் வகைகள் நூற்றுக்கணக்கில் அழிந்தன. ஏற்றுமதி எண்ணைப் பார்த்தால் அதுவும் வெற்றிதான். நீண்டகரையை அறிந்தவனுக்கு இது பழகிய கதை.

நார்வேக்காரர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நல்ல மனதோடு வந்தார்கள், குழாய்த் தண்ணீரும் மருத்துவமனையும் கொடுத்தார்கள். நானும் நல்ல மனதோடுதான் கடன் கொடுத்தேன். பையனுக்குக் கால்குலேட்டர்கூடக் கொடுத்தேனே!

அதற்குப் பிறகு அந்தக் கரை பட்டதெல்லாம் உங்களுக்குத் தெரியும். 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல். திருவனந்தபுரத்திலும் குமரியிலும் ஆழ்கடலுக்குப் போனவர்கள் நூற்றுக்கணக்கில் திரும்பவில்லை. அடுத்த வருடமே, 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், அதே கரைக்காரர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார்கள். மாநிலத்தின் சராசரிக்கு வெளியே நின்றவர்கள், சராசரிக்குள் இருந்தவர்களைத் தோளில் தூக்கினார்கள். 2022ல் வெளிச் சந்தையில் மண்ணெண்ணெய் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியது. அதே வருடம் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு எதிராக, கரை அரிக்கிறது, வீடு போகிறது என்று மாதக்கணக்கில் போராட்டம். அரிப்புக்குத் துறைமுகம் காரணமில்லை என்றது மறு தரப்பு. 2025 மே மாதம் துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்டது. உலகத்தின் பெரிய கப்பல்கள் அங்கே வந்து நிற்பது நாட்டுக்கு நல்லதுதான். அந்தக் கணக்கிலும் கரைக்குத் தேய்மானம் போட்டிருக்கிறார்களா என்பது மட்டும்தான் என் கேள்வி.

இங்கே பஹ்ரைனிலும் சவூதியிலும் கத்தாரிலும் ஈரானிலும் படகில் வேலை செய்கிற நம்ம குமரி, திருவனந்தபுரம் கரைப் பையன்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாம் ஏசி அறையில் உட்கார்ந்து சம்பாதிக்கிறோம், அவர்கள் அதே கடல் வேலையை இன்னொருவன் படகில் செய்கிறார்கள். நம் எல்லோரையும் சேர்த்து 'வெளிநாட்டுப் பணம்' என்று ஒரே எண்ணாக எழுதிவிடுகிறார்கள். அந்த எண்ணுக்குள் எத்தனை பேர் தரகனுக்கு அனுப்புகிறார்கள் என்று எந்த அறிக்கையும் பிரித்துக் காட்டாது.

நேற்று அந்தப் பையனுக்கு ஃபோன் செய்தேன். தரகனிடம் எவ்வளவு வாங்கியது, இதுவரை எவ்வளவு கட்டியது என்று கேட்டேன். துண்டுச் சீட்டுகள் அப்பாவிடம் இருக்கிறதாம், ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறான். வருகிற வெள்ளிக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வருகிறான். உட்கார்ந்து கணக்குப் போடப் போகிறோம். அசல் எப்போதோ அடைந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படி இருந்தால் ஊரில் சங்கத்துக்காரர்களை வைத்துப் பேசச் சொல்லலாம். பெரிதாக எதையும் சரிசெய்துவிட முடியாது என்று எனக்கும் தெரியும்.

"எதுக்கு சார் உங்களுக்குச் சிரமம்?" என்றான்.

"கால்குலேட்டர் இன்னும் இருக்குப்பா" என்றேன்.

உங்கள் ஊர்க் கரையில் இப்படிச் சங்கம் வைத்துத் தரகனிடமிருந்து மீண்டவர்கள் இருந்தால், எப்படிச் செய்தார்கள் என்று விவரமாக எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் நல்லது.